தொட்டிக்கரியா, வேலிக்காத்தான் கரியா? ஒரு பீப்பாய், இரண்டு பாதி, ஒரே ஆடு

அக்கா வீட்டுக்காரர் உடுமலைப் பக்கத்துக்காரர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கார் டிக்கியில் ஒரு சாக்கு வேலிக்காத்தான் கரி, அதாவது சீமைக்கருவேலங்கரி, இருக்கும். "உங்க ஊர்ல கெடைக்காதுன்னு கொண்டாந்தேன் மாப்ளே" என்பார். கிடைக்காமல் என்ன, கிடைக்கும். நான்தான் வாங்குவதில்லை. என் வீடு கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், தென்னந்தோப்புக்குள். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், கறி வாங்குவது எல்லைக்கு எந்தப் பக்கம் அன்றைக்கு நல்ல ஆடு அறுக்கிறார்களோ அந்தப் பக்கம். சுற்றிலும் தேங்காய்த் தொட்டி குவிந்து கிடக்கிறது. அதைச் சுட்டுக் கரியாக்கி விற்கிறவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அப்புறம் எதற்கு ராமநாதபுரத்திலிருந்து வரும் வேலிக்காத்தான் கரி?

தொட்டி என்றால் கொட்டாங்குச்சி. நாகர்கோவில்காரர்களும் மலையாளிகளும் சிரட்டை என்பார்கள். பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் தொட்டிக்கரி என்று சொன்னால்தான் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

மூன்று வருடம் வாயாலேயே நடந்த சண்டை போன தை மாதம்தான் அடுப்புக்கு வந்தது. பட்டறையில் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து வாங்கினேன். ஆளுக்குப் பாதி. அடியில் ஒரே அளவு ஓட்டைகள், மேலே ஒரே உயரத்தில் கம்பித் தட்டு. ஆடும் ஒன்றுதான், ஒரு செம்மறிக் குட்டி: இடது விலா மாமாவுக்கு, வலது விலா எனக்கு. இதற்கு மேல் நடுநிலையாக ஒரு போட்டி நடத்த எனக்குத் தெரியாது.

பட்டறைக்காரர் தட்டுக்குக் கோழிக்கூண்டு வலையைப் போட்டுத் தருகிறேன் என்றார். மலிவு, பார்க்கவும் பளபளவென்று இருக்கும். ஆனால் அந்தப் பளபளப்பு துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும். நல்ல தணலுக்கு அது பெரிய சூடே இல்லை. அந்தப் புகை மூச்சில் போனால் காய்ச்சலும் உடம்புவலியும் வரும் என்பது வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கே தெரியும். எவர்சில்வர் கம்பிதான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். பீப்பாயின் வெளிப்பக்கப் பெயின்ட் போவதற்காக ஒருநாள் வெறும் விறகு போட்டு எரித்தோம். அந்தப் புகையைப் பார்த்தவர்கள் அதில் கறி சுட வேண்டும் என்று நினைக்கவே மாட்டார்கள்.

கரிக்கு முன்னால் கறி

கரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று தட்டில் தெரிந்த பெரிய வித்தியாசம் கரியால் வந்ததல்ல.

எங்கள் பக்கம் மட்டன் என்றால் வெள்ளாடு. செம்மறி என்றால் முகம் சுளிப்பார்கள். கொழுப்பு, கவிச்சி என்பார்கள். தோலுரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வாலை மட்டும் முடியோடு விட்டு வைப்பது, இது வெள்ளாடுதான் என்று வாங்க வருகிறவருக்குக் காட்டத்தான். குழம்புக்கும் பிரியாணிக்கும் அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். தணலுக்கு அது தலைகீழ். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள் சேரும், தோலுக்கடியில் குறைவு. செம்மறிக்கு முதுகிலும் விலாவின் மேலும் வெள்ளையாக ஒரு போர்வை படியும். அந்தப் போர்வைதான் சாப்ஸுக்கு உயிர். சுடும்போது அது உருகிக் கறியை நனைக்கும். சொட்டுகிற சொட்டு தணலில் விழுந்து புகையாக மேலே ஏறும். நாம் 'கரி வாசம்' என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கொழுப்புப் புகைதான்.

ஒப்பிட்டுப் பார்க்க அன்று நாலு துண்டு வெள்ளாட்டுச் சாப்ஸும் வைத்திருந்தேன். அட்டப்பாடி கறுப்பாடு, மிளகு வறுவலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. தணலில் இரண்டு பக்கமும் புரட்டி எடுத்ததும் ஓரங்கள் சுருண்டு, நடுவில் மெல்ல மெல்லக் கட்டையாகிவிட்டது. அக்கா மகன் ஒரு கடி கடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் நாய்க்குப் போட்டான். எனக்குத் தெரிந்தது.

கவிச்சி பயம் இருந்தால் வயதைப் பாருங்கள், சாதியைப் பார்க்காதீர்கள். பல் போடாத செம்மறிக் குட்டி, அதாவது பால் பல் இன்னும் விழாமல், முதல் இரண்டு பெரிய பல் முளைக்காதது, ஏறத்தாழ ஒரு வயதுக்குட்பட்டதாக இருக்கும். ஆங்கிலத்தில் லேம்ப் என்பது இதைத்தான். கடைகளில் கிழட்டுக் கிடாவுக்கும் 'லேம்ப்' என்று பலகை தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். பலகையை நம்புவதைவிடப் பல்லை நம்பலாம்.

அடுத்தது வெட்டு. எங்கள் கறிக்கடை பாயிடம் சாப்ஸ் என்றதும் கை தானாகக் கத்திக்குப் போனது.

"பாய், சின்னதா போடாதீங்க. விலாவை முழுசா குடுங்க, நான் சொல்ற மாதிரி வெட்டலாம்."

"சாப்ஸ்தானே? சின்னச் சின்னதா போட்டாத்தான் மசாலா எறங்கும்."

"கொழம்புக்கு இல்லைங்க. கரியில சுடறதுக்கு."

புளியங்கட்டையின் மேல் கத்தியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "அப்ப கத்தி போட்டா எலும்பு நொறுங்கும். ரம்பந்தான்" என்று உள்ளே போனார். நல்ல கறிக்கடைக்காரர் பாதி சமையல்காரர்.

ஆட்டுக்கு ஒரு பக்கத்துக்கு 13 விலா. முன்னால் இருப்பவை தோள்பட்டைக்கு அடியில் போய்விடும். சாப்ஸுக்கு அழகாக வருவது 8. நம் ஊர்க் குட்டி சிறியது. ஒரு விலாவுக்கு ஒரு துண்டு என்று வெட்டினால் அரை அங்குலம்தான் கனம் வரும், நடுவில் இருக்கும் சதைக்கண் எலுமிச்சம்பழம் அளவு. இரண்டு விலாவைச் சேர்த்து ஒரு துண்டாக வெட்டி, ஒரு எலும்பை உருவிவிட்டால் ஓர் அங்குலக் கனம் கிடைக்கும். நாங்கள் ஒரு பக்கத்தில் இரண்டு கனத்துண்டு, நாலு மெல்லிய துண்டு என்று பிரித்துக்கொண்டோம். இந்தப் பிரிப்புதான் பிறகு தீர்ப்பை மாற்றியது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஞாயிறு காலை அறுத்த ஆட்டை ஞாயிறு மதியமே சுட்டால் கறி இழுக்கும். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்க ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நாளில்தான் தானாகத் தளரும். ஆகவே வெள்ளிக்கிழமையே வாங்கி ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. அதற்காக அறுத்த சூட்டோடு ஃப்ரீசருக்குள் தள்ளக்கூடாது. விறைப்பதற்கு முன்பே குளிர் ஏறினால் தசை இன்னும் இறுகிப் போகும். எலும்போடு முழு விலாவாக வைத்தால் அவ்வளவு சுருங்காது. 'ஃப்ரிட்ஜில் வைத்த கறியா' என்று என் அம்மா கேட்ட தொனியை இங்கே எழுத முடியாது.

தொட்டிக்கரி

தொட்டிக்கரி அடர்த்தியானது, சாம்பல் குறைவு. கேரளத்தில் இஸ்திரிப் பெட்டிக்குள் போட்டு வெள்ளைச் சட்டை தேய்த்தவர்கள் இதைத்தான் நம்பினார்கள். பொறி பறந்து சட்டையில் ஓட்டை விழுந்தால் பிழைப்பு போயிற்று. தண்ணீர் வடிகட்டிகளில் இருக்கும் செயலூட்டிய கரிக்கும் பெரும்பாலும் மூலப்பொருள் இதே தொட்டிதான். ஆலைக்குப் போகாத கொஞ்சம் நம் அடுப்புக்கு வருகிறது.

சிக்கல் வடிவத்தில். தொட்டித் துண்டு வளைந்தது, மெல்லியது. கொட்டிக் குவித்தால் கிண்ணத்துக்குள் கிண்ணமாக ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து காற்று போக வழியை அடைத்துக்கொள்ளும். அதனால் பற்றவைப்பது எரிச்சலான வேலை. நான் பழைய 15 கிலோ எண்ணெய்த் தகர டின்னின் அடிப்பக்கம் சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். அடியில் பன்னாடை, அதன் மேல் காய்ந்த பாளைத் துண்டு, அதற்கு மேல் கரி. தீக்குச்சி ஒன்று போதும். இருபது நிமிடத்தில் மேல் துண்டுகளின் ஓரம் வெளுக்கும். அப்போது அப்படியே பீப்பாயில் கவிழ்த்துவிடலாம்.

ஒருமுறை பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு வருவதுதான் அழகு. துண்டுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கனம் என்பதால் எல்லாம் சேர்ந்து சிவக்கும். திட்டுத் திட்டாகச் சூடு இருக்காது. தட்டுக்கு மேல் உள்ளங்கையை நீட்டினேன். இரண்டு எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டேன். மெல்லிய துண்டுக்கு அதுதான் வேண்டும். பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் வெளியே பொன்முறுகலாக நிறம் ஏறிவிட வேண்டும், உள்ளே காய்ந்துபோவதற்குள். சூடு மந்தமாக இருந்தால் நிறம் வருவதற்கு ஐந்து நிமிடமாகும். அதற்குள் அரை அங்குலக் கறி செருப்பாகிவிடும். கறிக்கும் கரிக்கும் எழுத்தில் ஒரு சின்ன வித்தியாசம், அடுப்பில் அரை நிமிட வித்தியாசம். என் நாலு மெல்லிய துண்டும் அந்த அரை நிமிடத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிவிட்டன.

குறை இரண்டு. முதலாவது, அளவுக்கு அளவு பார்த்தால் தொட்டி அடர்த்திதான், ஆனால் துண்டு மெல்லியது, காற்றடித்தால் மளமளவென்று கரையும். முக்கால் மணி நேரத்தில் என் பாதி பீப்பாய் சோர ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது, சாம்பல் குறைவாக இருந்தாலும் இருக்கிற சாம்பல் பஞ்சு மாதிரி லேசு. விசிறினால் கறி மேல் வந்து படியும்.

ஒரு எச்சரிக்கை: கரி தீர்ந்துவிட்டதே என்று சுடாத பச்சைத் தொட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன். கறுத்த, பிசுபிசுத்த, காரமான புகை வரும். தொட்டியைச் சுட்டு வடிக்கும் அந்தச் சாறுதான் சித்த மருத்துவத்தில் சிரட்டைத் தைலம்; படைக்கும் சொறிக்கும் தடவுவது. சாப்ஸில் தடவுவதற்கல்ல.

வேலிக்காத்தான் கரி

சீமைக்கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த மரம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊரே கடப்பாரையோடு கிளம்பியது நினைவிருக்கும். நிலத்தடி நீருக்கு இது செய்வதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. ஆனால் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் மழை பொய்த்த வருடங்களில் கரிமூட்டம் போட்டுத்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. வெட்டிய கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்றை அளந்து விட்டு, நாள்கணக்கில் புகைய விட்டு எடுப்பது.

மாமாவுக்கு இதில் ஒரு பெருமிதம் உண்டு. "அமெரிக்காக்காரன் மெஸ்கீட்னு காசு குடுத்து வாங்கிச் சுடறான் மாப்ளே, அது நம்ம வேலிக்காத்தானுக்குப் பங்காளி." அவர் சொல்வது பொய்யில்லை. டெக்சாஸ் பக்கத்து மெஸ்கீட்டும் இதுவும் ஒரே குடும்பம்தான். ஆனால் அந்த மணம் பச்சை விறகின் புகையில் இருப்பது. மூட்டத்தில் வெந்து கரியானதும் மணக்கிற சரக்கெல்லாம் புகையாகப் போய்விடும், மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் கார்பன். நன்றாக வெந்த கரி எந்த மரத்தினுடையதாக இருந்தாலும் வாசத்தில் அண்ணன் தம்பிதான். பாலக்காடு ரோட்டில் கடைக்குக் கடை அல்ஃபஹம் என்று கரியில் சுட்ட கோழி விற்கிறார்கள். அரபியில் அந்தச் சொல்லுக்கே கரி என்றுதான் பொருள். எந்தக் கரி என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சோதித்தும் பார்த்துவிட்டோம். நாலு பேரைத் திண்ணையில் உட்கார வைத்து, எது யார் அடுப்பு என்று சொல்லாமல் மெல்லிய துண்டுகளைக் கொடுத்தோம். இரண்டு பேர் மாறிச் சொன்னார்கள், ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்றார், அக்கா மட்டும் சரியாகச் சொன்னாள். எப்படி என்றால், மாமாவின் துண்டில் ஒரு ஓரம் புகைந்து கசந்தது. சாக்கில் ஒன்றிரண்டு கட்டை அரைகுறையாக வெந்து, உள்ளே இன்னும் விறகாகவே இருந்திருக்கிறது. மூட்டக் கரியில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. தட்டினால் கண்ணாடி மாதிரி 'கிண்' என்று சத்தம் வந்தால் வெந்தது. 'தொப்' என்றால் எடுத்து வெளியே வைக்க வேண்டும். சாக்கின் அடியில் கால்வாசி தூள் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பற்றவைப்பது இது சுலபம். மாமா கற்பூரம் வைத்தார். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் மாரியம்மன் கோயில் வாசம் அடித்ததைத் தவிர வேறு கெடுதல் இல்லை. மண்ணெண்ணெய், டீசல் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பிறகு பொறி. பட்டை ஒட்டிய கரி வெடிக்கும். தை மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்றை எங்கள் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். கஞ்சிக்கோட்டில் காற்றாலை சும்மா நட்டு வைக்கவில்லை. படபடவென்று ஒரு பொறி கிளம்பி மாமாவின் பொங்கல் வேட்டியில் மிளகு அளவு ஓட்டை போட்டது. இன்னொன்று காய்ந்த ஓலைக் குவியலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து வைத்தோம், முதலிலேயே வைத்திருக்க வேண்டியது. காற்றுக்கு எதிரே ஒரு தகரத்தை நிறுத்தியதும் இரண்டு அடுப்புமே அடங்கின. தோப்புக்குள் சுடுகிறவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யலாம். மழை வந்துவிட்டதே என்று அடுப்பை வீட்டுக்குள் இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம்; கரித்தணல் விடும் கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, அதற்கு வாசனை கிடையாது.

ஆனால் கனத்துண்டு தட்டில் ஏறியதும் ஆட்டம் மாமா கைக்குப் போனது. ஓர் அங்குலக் கறிக்கு வெறும் அனல் போதாது, நின்று வேக வேண்டும். முதலில் கொழுப்பு விளிம்பை நேராக நிறுத்தி உருக்க வேண்டும், பிறகு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அப்புறம் கரி இல்லாத பக்கமாகத் தள்ளி மூடி போட்டு இன்னொரு ஐந்தாறு நிமிடம். முஷ்டி அளவு கட்டைக்கரி அந்த நேரம் முழுக்க அசையாமல் நின்றது. என் பக்கம் தணல் இறங்க ஆரம்பித்ததால் புதுத் தொட்டி போட வேண்டியதாயிற்று. அது பிடிக்கும்வரை கறி சும்மா படுத்துக் கிடந்தது. கனத்துண்டில் எனக்குத் தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன்.

அச்சுக்கரி பற்றி இரண்டு வரி

கரித்தூளையும் கிழங்கு மாவையும் பிசைந்து அச்சில் அழுத்தி விற்பது. சூடு நிதானம், நேரம் நீளம். முழுத் தொடையை மூடி போட்டு மணிக்கணக்கில் வேக வைக்கிறவர்களுக்குச் சரி. நாலு நிமிடத்தில் இறங்க வேண்டிய சாப்ஸுக்கு அது மாட்டு வண்டி. ஹூக்காவுக்கு விற்கும், நெருப்பு காட்டியதும் சீறிப் பிடிக்கும் வில்லைகளைக் கறிக்குக் கீழே வைக்கவே வேண்டாம். சீக்கிரம் பிடிப்பதற்காக அதில் மருந்து கலந்திருக்கும்.

மூடி, மசாலா, அம்மா

மூடி வேண்டுமா வேண்டாமா என்பதும் கனத்தைப் பொறுத்ததே. 1952-ல் சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் உருண்டை மிதவையை இரண்டாக வெட்டிச் செய்த வெபர் கெட்டில் அடுப்பு உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் அந்த மூடிதான். காற்றும் மழையும் உள்ள ஊரில் அது அடுப்பைக் காப்பாற்றியது. எங்கள் பீப்பாய்க்குப் பழைய இட்லிப் பானை மூடியே போதுமாக இருந்தது. மெல்லிய துண்டுக்கு மூடி போட்டால் முறுகல் போய் வெந்த கறியாகிவிடும். திறந்தே சுடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல்தான் பறக்கும். கறியைக் குளிர்ந்த பக்கம் தள்ளினால் தீ தானாக அடங்கும். மஞ்சள் தீ நக்கிய இடம் கரிப்பிசினாகக் கசக்கும், உடம்புக்கும் ஆகாது.

மசாலாவில் நானும் மாமாவும் ஒரே கட்சி, எதிர்க்கட்சி அக்கா. சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், தயிர், பப்பாளிக்காய் எல்லாம் அரைத்துத் தடவ வேண்டும் என்பாள். தணலுக்கு மேல் வெங்காயமும் மிளகாயும் கறி வேகும் முன்பே கறுத்துவிடும். பப்பாளிக்காய் நிஜமாகவே கறியை இளக்கும், ஆனால் பல் போடாத செம்மறிக்கு அது தேவையே இல்லை. இரவு முழுக்க ஊறினால் மேல்பக்கம் மாவாகிவிடும். வெள்ளாடுதான் கிடைத்தது என்றால் அக்கா வழியில் போகலாம்: கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பப்பாளிக்காய் விழுது, தயிர், ஒரு மணி நேரம். சுடும் முன் வழித்துவிட வேண்டும். செம்மறிக்குக் கல்லுப்பைப் பொடித்துக் காலையிலேயே தடவி வைத்துவிட்டு, சுடுவதற்கு முன் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மிளகை இறக்கிய பிறகு இடித்துத் தூவுங்கள். எண்ணெய் வேண்டாம், அதற்குத்தான் கொழுப்பு இருக்கிறதே.

பிறகு அம்மா. ஊசி வெப்பமானி 60 காட்டும்போது இறக்கி, ஐந்து நிமிடம் மூடி வைத்து, 63-ல் நிற்கும்போது வெட்டிக் காட்டினேன். நடுவில் இளஞ்சிவப்பு. அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டுக் கறிக்குச் சொல்லும் அளவு அதே 63 டிகிரி, மூன்று நிமிட ஓய்வோடு. அம்மாவுக்கு அமெரிக்கா முக்கியமில்லை. "என்னடா இது, ரத்தம் சொட்டுது." அது ரத்தமில்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்று நான் ஆரம்பிக்க, தட்டு என் பக்கம் திரும்பி வந்துவிட்டது.

நம் வீடுகளில் பாதிப் பேருக்கு 70-க்கு மேல் போனால்தான் கறி. அங்கேதான் வெள்ளாடு, செம்மறி வித்தியாசம் உறைக்கிறது. அந்தச் சூட்டில் வெள்ளாட்டுச் சாப்ஸ் வறட்டிதான். செம்மறிக் கனத்துண்டு கொழுப்புப் போர்வையோடு 72 வரை தாங்கியது. அம்மாவுக்குக் கொடுத்த இரண்டாவது துண்டு அதுதான், மாமாவின் அடுப்பிலிருந்து வந்தது. ஒன்றும் சொல்லாமல் எலும்பு வரை சாப்பிட்டுவிட்டு, "செம்மறியா இது?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது யாராவது எந்தக் கரி வாங்கலாம் என்று கேட்டால் முதலில் எத்தனை பேர், கனம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்கிறேன். வீட்டில் நாலைந்து பேர், ஒரு விலாத் துண்டு, அரை மணி நேர வேலை என்றால் தொட்டிக்கரி. சுத்தம், ஒரே சீரான அனல், பொறி கிடையாது. உறவெல்லாம் வந்து பந்தி மாதிரி விடாமல் சுட வேண்டும், துண்டு கனமாக இருக்கும் என்றால் மாமாவின் கட்டைக்கரி. ஆனால் அரைவேக்காட்டுக் கட்டையைப் பொறுக்கி எடுத்த பிறகு. இரண்டையும் கலக்க முடியாதா என்றால் முடியும்: அடியில் நாலு கட்டை, மேலே தொட்டி. போன வாரம் அப்படித்தான் செய்தேன், மாமாவுக்குச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு என் பாதியில் கையை விட்டு சாம்பலை அள்ளலாம் போல இருந்தது. மாமாவின் பாதியில் கிளறினால் இன்னும் சிவப்பு. பிள்ளைகள் அதில் மரவள்ளிக்கிழங்கைப் புதைத்து வைத்திருந்தார்கள். வெடித்த தோலை உரித்து, உப்பும் காந்தாரி மிளகாயும் நசுக்கித் தொட்டுக்கொண்டு, மாமா ஓட்டை வேட்டியோடு கட்டிலில் சாய்ந்தபடி ஒரு துண்டை என் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடு மாப்ளே. தொட்டிக்கரியில இது வேகாது."